உள்ளது உள்ளபடி

கூமாப்பட்டியை இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2025-ல் ஒரு ரீல்ஸ் வந்தது. 'ஏங்க...' என்று இழுத்துக் கூப்பிட்டதும், தமிழ்நாடே விருதுநகர் மாவட்ட மேப்பை எடுத்துப் பார்த்தது. மலை, அணை, தண்ணீர், பச்சை. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இப்படியொரு சொர்க்கமா என்று கார் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் பலர். போன இடத்தில் பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்ததும், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

ரீல்ஸ் பொய் சொன்னதா? இல்லை. மலை இருக்கிறது. அணை இருக்கிறது. மழைக்காலத்தில் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். சொல்லாமல் விட்டது மட்டும்தான் பிரச்னை. பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும் என்பது விளம்பரத்துறைக்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் நன்றாகத் தெரியும். மதவாதிகளுக்கும் தெரியும். ஆனால் ஒரு மதவாதி, அதுவும் துளிகூட விட்டுக்கொடுக்காத பழமைவாதி, 'அப்படிச் சொல்லாமல் விடமாட்டேன்' என்று அடம்பிடித்த கதை ஒன்று இந்த மலையடிவாரத்திலேயே இருக்கிறது. இந்த வாரம் அதைப் பேசலாம் என்று தோன்றியது.

முதலில் கொஞ்சம் பூகோளம். ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் வட்டாரமெல்லாம் ஒரு காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடி. 1854-ல் தாமஸ் ராக்லாண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இங்கே கூடாரம் அடித்தார். கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெல்லோ. நினைத்திருந்தால் இங்கிலாந்திலேயே சௌகரியமாகக் காலம் தள்ளியிருக்கலாம். இந்தக் கரிசல் வெயிலில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். நாலே வருடம். 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்துபோனார். 'எத்தனை பேரைச் சேர்த்தார்?' என்று தலையை எண்ணினால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வியாபாரக் கணக்கில் நஷ்டம்.

இந்த நஷ்டக்காரரைப் பற்றி 1922-ல் தேடிப் பிடித்து ஒரு புத்தகம் எழுதினார் ஓர் அம்மையார். ஜெயித்த பாதிரிமார்கள் எத்தனையோ பேர் இருக்க, ஏன் இவர்? அந்த அம்மையாரின் மொத்தக் குணமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அவர்தான் ஏமி கார்மைக்கேல்.

கூமாப்பட்டியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கைக்குள் வைத்துக்கொண்டே தெற்கே போங்கள். ராஜபாளையம், தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு தாண்டினால் டோனாவூர். ஜெர்மன் பிரபு டோனா பணம் கொடுத்துக் கட்டிய கோயிலால் ஊருக்கே அந்தப் பெயர். வடக்கு அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி, 1895-ல் இந்தியா வந்தார். 1951 ஜனவரியில் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. ஐம்பத்தைந்து வருடம்!

1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து இவரிடம் ஒண்டிக்கொண்டாள். அங்கே ஆரம்பித்தது. 1913 வாக்கில் அந்த வீட்டில் 130 பேர். 1918-லிருந்து ஆண் குழந்தைகளும். எல்லோருக்கும் அவர் 'அம்மா'.

பழமைவாதி என்றேனே, எவ்வளவு? பைபிளின் ஒரு வார்த்தையைக்கூட 'காலத்துக்கு ஏற்ப' வளைக்கக் கூடாது என்பவர். புதுமை பேசும் இறையியல் எல்லாம் அவருக்கு ஆகாது. தன்னோடு வேலை செய்ய வருபவர்களும் அதே பிடிமானத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர். தன்னை அனுப்பிய மிஷன் சங்கத்தோடு 1925-ல் உறவையே முறித்துக்கொண்டார். இன்று நம் ஊரில் 'செக்யூலர்' நண்பர்கள் யாரும் இவரோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து டீ குடிக்க முடியாது.

அப்படிப்பட்டவர் எழுதிய புத்தகம்தான் 'திங்ஸ் ஆஸ் தே ஆர்'. உள்ளது உள்ளபடி. 1903-ல் வெளிவந்தது.

அன்றைய மிஷனரி ரிப்போர்ட்டுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்தப் புத்தகத்தின் அருமை புரியும். லண்டனிலோ எடின்பரோவிலோ ஒரு பாட்டியம்மா சிறுவாடு சேர்த்து இந்தியாவுக்கு அனுப்புகிறார். அவருக்கு என்ன கதை வேண்டும்? இருளில் கிடந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்த கதை. மனம் திரும்பிய பிராமணர் கதை. ஞானஸ்நானம் எத்தனை, பள்ளிக்கூடம் எத்தனை. எழுதுகிறவருக்கும் அது தெரியும், கமிட்டிக்கும் தெரியும். நல்ல செய்தி போனால் பணம் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து ரீல்ஸ்!

ஏமி என்ன செய்தார்? 'இங்கே ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை' என்று எழுதினார். ஒரு தெருவுக்கு நூறு முறை போனோம், கதவு திறக்கவில்லை என்று எழுதினார். வருகிறேன் என்று சொன்ன பெண் காணாமல் போனதை எழுதினார். சாதி என்ற சுவர் எவ்வளவு உயரம் என்று எழுதினார். பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களைப் பற்றியும் ஒளிக்கவில்லை. கோயிலுக்குக் குழந்தைகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தையும் எழுதினார்.

நான் வணிகவியல் படித்தவன். எங்களுக்குக் கல்லூரியில் முதலில் சொல்லித்தந்த பாடங்களில் ஒன்று வாராக்கடன். திரும்பி வராது என்று தெரிந்த பணத்தை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கூடாது. எழுதித் தள்ளிவிட வேண்டும். எழுதினால் லாபம் குறையும், பங்குதாரர் முகம் சுளிப்பார். அதனால் பல முதலாளிகள் அதை 'வந்துவிடும் சார்' என்று வருடக்கணக்கில் சுமந்துகொண்டே இருப்பார்கள். ஒரு நாள் மொத்தமாக மூழ்குவார்கள். ஏமி தன் மிஷனின் வாராக்கடனை முதல் பக்கத்திலேயே எழுதிக் காட்டியவர்.

விளைவு? கையெழுத்துப் பிரதி இங்கிலாந்துக்குப் போய், 'ரொம்ப மனச்சோர்வு தருகிறது, கொஞ்சம் உற்சாகமாக எழுதக்கூடாதா' என்ற தொனியில் திரும்பி வந்தது. அவர் மாற்றி எழுதவில்லை. மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். பிறகு இங்கே வந்த இங்கிலாந்து நண்பர்கள் படித்துப் பார்த்து, எடுத்துப் போய் அச்சுக்குக் கொடுத்தார்கள். வெளிவந்ததும் இங்கிலாந்தில் சிலர் 'இதெல்லாம் மிகை' என்றார்கள். பின்னால் வந்த பதிப்பில், தென்னிந்தியாவில் வேலை செய்த அனுபவசாலி மிஷனரிகளின் 'ஆமாம், இது உண்மைதான்' என்ற சாட்சிக் குறிப்புகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆடிட்டர் கையெழுத்து மாதிரி!

இந்த இடத்தில் நான் அந்த அம்மையாருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். உண்மை பேசுகிறேன் என்று மார்தட்டும் எல்லோருக்கும் ஒரே ஒரு சோதனைதான் உண்டு. நீங்கள் பேசும் உண்மை யாருக்கு நஷ்டம்? எதிராளிக்கு மட்டும் நஷ்டம் என்றால், அதற்குப் பெயர் பிரசாரம். உங்கள் கட்சிக்கு, உங்கள் சங்கத்துக்கு, உங்கள் சபைக்கு, உங்களுக்குப் பணம் அனுப்பும் புண்ணியவானுக்கு உறுத்துகிறதா? அப்படியானால் கொஞ்சம் நம்பலாம். நம் ஊரில் எத்தனை கட்சிப் பத்திரிகைகள் 'இந்த மாநாட்டுக்குக் கூட்டம் வரவில்லை' என்று எழுதியிருக்கின்றன? எத்தனை சாமியார் மடங்கள், எத்தனை சுகமளிக்கும் கூட்டங்கள், 'இந்த வருடம் யாருக்கும் நோய் தீரவில்லை' என்று நோட்டீஸ் அடித்திருக்கின்றன?

சரி, கும்பிடு போட்டாயிற்று. இனிமேல்தான் விமர்சனம்.

முதல் சிக்கல், உண்மைக்காக உயிரைக் கொடுப்பவர் உண்மையை எங்கே நிறுத்தினார் என்பது. சேலை கட்டி, கையிலும் முகத்திலும் சாயம் பூசிக்கொண்டு, வெள்ளைக்காரி என்று தெரியாதபடி அவர் இடங்களுக்குப் போய்வந்ததை அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள். சின்ன வயதில் நீலக் கண் கேட்டுப் பிரார்த்தனை செய்தாராம், கிடைக்கவில்லையாம், பழுப்புக் கண் இந்தியாவில் வேடம் போட உதவியதாம். பிரசங்கங்களில் இன்றும் சுற்றும் கதை. கேட்க இனிமை. ஆனால் வேடம் என்பது என்ன? பேசாமல் சொல்லும் பொய்தானே?

அதைக்கூட விடுங்கள். 1910-ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு கோர்ட் கேஸ். டோனாவூரில் அடைக்கலமான ஒரு சிறுமியைத் திருப்பித் தரச்சொல்லித் தாய் வழக்குப் போட்டார். தாயிடம் ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பு. ஒப்படைக்கச் சிறுமி அங்கே இல்லை! ஆண் பிள்ளை வேடம் போட்டு நாட்டைவிட்டே அனுப்பியிருந்தார்கள், அம்மையாரின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இதை எதிரிகள் யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1987-ல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் எலியட்டே சொல்கிறார். எலியட்டும் பக்கா பழமைவாதக் கிறிஸ்தவர்தான். மறைக்காமல் எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்தப் பரம்பரை குணம்!

அந்தச் சிறுமிக்கு அங்கே இருப்பதுதான் நல்லது என்று நீங்களும் நானும் நினைக்கலாம். ஆனால் 'கடவுள் சட்டம் கோர்ட்டுக்கு மேலே' என்பதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், மற்றவருக்கு எப்படி மறுப்பீர்கள்? எல்லா மதத்திலும் இதே வசனம் பேசுகிறவர்கள் இன்று வரிசையில் நிற்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம் சொல்லலாம். சட்டத்தை மீறுகிறவர் 'மீறினேன், தண்டனை கொடு' என்று முன்னால் வந்து நின்றால், அது சத்தியாகிரகம். குழந்தையை ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிட்டு மௌனமாக இருந்தால், அது எவ்வளவு நல்ல காரியமானாலும் 'உள்ளது உள்ளபடி' ஆகாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழம். உள்ளது உள்ளபடி சரி. யார் கண்ணில் உள்ளபடி?

ஏமியின் பக்கங்களில் இந்து சமயம் என்றால் இருட்டு. அந்தக் காலத்து மிஷனரி மொழி அது. கோயிலைச் சேர்ந்த பெண்கள் அவருக்கு மீட்கப்பட வேண்டியவர்கள் அல்லது பிடித்துவைத்திருப்பவர்கள். மூன்றாவது வகை கிடையாது. ஆனால் அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தச் சமூகத்திலிருந்து வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ன செய்தார் தெரியுமா? முத்துப்பழனி எழுதிய தெலுங்குக் காவியமான 'ராதிகா சாந்தவன'த்தை, முந்தைய பதிப்பு வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்து 1910-ல் முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. பின்னாளில் தேவதாசி ஒழிப்பு மசோதா வந்தபோது, 'எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டமா?' என்று எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பியவரும் அவர்தான். இந்தப் பெண்மணியை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? ஏமியின் பீரோவில் அந்தப் பெட்டி இல்லை.

இதற்காக ஏழு வயதுக் குழந்தையைப் பொட்டுக்கட்டுவது கலை, பண்பாடு என்று சப்பைக்கட்டுக் கட்டுகிறவர்களோடு நான் இல்லை. அந்தச் சிறுமி ஓடிவந்தாள். அதுவே சாட்சி. ஆனால் உள்ளிருந்து வந்த உண்மையும் இருக்கிறதே. அந்தச் சூழலிலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எழுதினார். அதில் வரும் கோபம் ஏமியின் கோபத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ஆனால் அது மீட்க வந்தவரின் கோபமல்ல. மாட்டிக்கொண்டு, முறித்துக்கொண்டு வெளியே வந்தவரின் கோபம். யார் பக்கம் பணம் போகிறது, எந்த மைனர், எந்தப் பண்ணையார் என்று விலாவாரியாகத் தெரிந்தவரின் கோபம்.

மூன்றாவது சிக்கல், அரசியல்.

பழமைவாதக் கிறிஸ்தவர்களில் ஒரு பெரிய பகுதி அரசியல் பக்கமே தலைவைக்காது. 'ஜெபம் செய், கடவுள் பார்த்துக்கொள்வார்' என்பார்கள். ஏமியும் அந்த வழிதான். பணம்கூட யாரிடமும் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, ஜெபத்தில்தான் கேட்பது என்று கொள்கை. கையேந்தாமல் இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அதிசயம்தான். ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒரு கேள்வி வரும். முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினாரே, அவைதானே டோனாவூரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது? கேட்கவில்லை, சரி. ஆனால் சொன்னார். நன்றாகவே சொன்னார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கடவுள் மட்டும்தான் கேட்டார் என்பதுதான் முழுக் கணக்கல்ல.

1919-ல் பிரிட்டிஷ் அரசு கெய்ஸர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. அம்மையாருக்குக் கூச்சம். நிந்திக்கப்பட்ட ஆண்டவரின் ஊழியக்காரிக்குப் பதக்கமா என்று தவித்தார். விழாவுக்குப் போகவில்லை. அழகான தயக்கம். ஆனால் அதே 1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு தாகூர் சர் பட்டத்தை உதறினார். காந்தி தனக்குக் கிடைத்த இதே கெய்ஸர்-இ-ஹிந்தை 1920-ல் திருப்பிக் கொடுத்தார். பதக்கம் உறுத்தியது மூவருக்கும்தான். காந்திக்கும் தாகூருக்கும் உறுத்தியது கொடுத்த கை. ஏமிக்கு உறுத்தியது வாங்கும் தன் கை. ஆன்மிகத்துக்கும் அரசியலுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான், ஆனால் பெரிய தூரம்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தியது எது? சட்டம். 1927-ல் சென்னை சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தீர்மானம் கொண்டுவந்தார். இசைவேளாளர் குலத் தாய்க்குப் பிறந்தவர். 1929-ல் கோயில் மானிய நிலத்தை அந்தச் சேவையிலிருந்து விடுவிக்கும் திருத்தம் வந்தது. பிறகு இழுபறி. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களே எதிர்ப்பக்கம். கடைசியில் 1947-ல்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கூட்டம், மனு, வாக்குவாதம், வசவு, பத்திரிகைக் கட்டுரை, எல்லாம் பட்டுத்தான் வந்தது. ஜெபத்தால் மட்டும் வரவில்லை.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். 1901-க்கும் 1947-க்கும் நடுவில் 46 வருடம். சட்டம் வரும்வரை அந்தக் குழந்தைகள் எங்கே தூங்குவார்கள்? காய்ச்சல் வந்தால் யார் நெற்றியில் ஈரத்துணி போடுவார்கள்? தீர்மானம் கொண்டுவந்த முத்துலட்சுமி ரெட்டிக்கே இந்தக் கேள்வி வந்தது. அதனால்தானே அவரும் அவ்வை இல்லம் தொடங்கினார்? சட்டம் பேசுகிறவர்கள் வீடும் கட்ட வேண்டியிருந்தது. வீடு கட்டியவர் சட்டம் பேசவில்லை. முழுமையானவர் யார் என்று கேட்டால் என் ஓட்டு முத்துலட்சுமிக்குத்தான். ஆனால் முதலில் விழித்துக்கொண்டவர்களில் ஒருவர் யார் என்று கேட்டால், டோனாவூர்க்காரரை விட்டுவிட முடியாது.

நான்காவதாக ஒன்று. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பழமைவாதிகளின் பொதுவான நோய். 1924-ல் ஸ்டீபன் நீல் என்ற இளைஞர் டோனாவூருக்கு வேலை செய்ய வந்தார். மகா புத்திசாலி. அம்மையாரோடு ஒத்துப்போகவில்லை. சீக்கிரமே பிரிய வேண்டியதாயிற்று, இரண்டு பக்கமும் மனக்கசப்போடு. அதே நீல் பின்னாளில் திருநெல்வேலியின் பேராயர் ஆனார், இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றையே பெரிய நூல்களாக எழுதினார். அவரை வைத்துக்கொள்ள ஒரு வீட்டுக்கு இடமில்லாமல் போனது என்றால், யாருக்கு நஷ்டம்? லண்டன் கமிட்டியிடம் கசப்பான உண்மையைத் தைரியமாகச் சொன்னவருக்கு, தன் முற்றத்திலேயே நின்று மாற்றுக் கருத்து சொன்னவரைத் தாங்க முடியவில்லை. மேலே பார்த்துப் பேசுவது தைரியம். கீழே இருப்பவர் பேசக் கேட்பது அதைவிடப் பெரிய தைரியம். நம் தலைவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது வாய்த்திருக்கிறது?

இதையெல்லாம் நான் சொல்வதால், 'அப்போ அந்தம்மா நல்லவங்களா, கெட்டவங்களா?' என்று கேட்பீர்கள். ஒரு வரித் தீர்ப்பு எழுதும் வியாதி நமக்கு இருக்கிறது. ஒருவர் மதமாற்றக்காரர் என்று முத்திரை குத்தி மூடிவிடுவார். இன்னொருவர் புனிதர் என்று படம் மாட்டி மூடிவிடுவார். இரண்டு பேருமே புத்தகத்தைத் திறக்கவில்லை.

திறந்து பாருங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன நூல் அது, தேடினால் கிடைக்கும். ஆங்கிலம் பழசு. பல பக்கங்களில் உங்களுக்குக் கோபம் வரும், வர வேண்டும். அதோடு முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் எழுதிய சட்டசபை அனுபவ நூலையும், ராமாமிர்தம் அம்மையாரின் நாவலையும் சேர்த்துப் படியுங்கள். மூன்று பெண்கள். ஒருத்தி பைபிளைப் பிடித்தவர், ஒருத்தி சட்டத்தைப் பிடித்தவர், ஒருத்தி சுயமரியாதையைப் பிடித்தவர். மூவரும் ஒரே அறையில் இருந்திருந்தால் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியிலேயே சண்டை வந்திருக்கும். ஆனால் ஒரு குழந்தையைப் பற்றிய உண்மையில் மூவரும் சேருகிறார்கள்.

நம்பிக்கை ஒருவருக்கு ஒருவர் வேறுபடலாம். அரசியல் நிச்சயம் வேறுபடும். உண்மை மட்டும் பொதுச்சொத்து. அதைத் தன் பக்கத்து நஷ்டக் கணக்கிலும் சேர்த்து எழுதுகிறவர் எந்த மதத்துக்காரராக இருந்தாலும், அவரோடு உட்கார்ந்து சண்டை போடலாம். எழுதாதவரோடு சண்டைகூடப் போட முடியாது.